நகரித் தேர்தலும் அறுபது காசு ரேட்டும்

வாசகி கேள்வி: ஆந்திர எல்லையில், நகரிக்குப் பக்கத்தில் ஏகாம்பரகுப்பத்தில் இருக்கிறோம். என் கணவர் ஆறு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கிறார். 2024 சட்டமன்றத் தேர்தலில், “எங்கள் தொகுதியில் யார் ஜெயித்தாலும் வித்தியாசம் ஐயாயிரத்துக்குள்தான் இருக்கும்” என்று பந்தயம் கட்டி மூன்று லட்சம் தோற்றார். ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டோம். மீதி 1,40,000 ரூபாய்க்கு, நடுவில் நின்றவர் பிராமிசரி நோட்டு எழுதி வாங்கிக்கொண்டார். இப்போது வட்டியையும் சேர்த்து இரண்டு லட்சத்துக்குப் புது நோட்டு கேட்கிறார். என் கணவரோ எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுத் தேர்தலில் விட்டதைப் பிடித்துவிடலாம் என்கிறார். “போன தடவை மனக்கணக்கில் கட்டினேன். இனி ரேட்டைப் பார்த்துத்தான் கட்டுவேன். கருத்துக்கணிப்பு பொய் சொல்லும், பணம் போட்டவன் பொய் சொல்ல மாட்டான்” என்று வாதம் செய்கிறார். பாவு கணக்கு எழுதும் நோட்டில் இப்போது தினமும் ரேட்டு எழுதுகிறார். ஒரு கட்சிக்கு 60 காசு, இன்னொன்றுக்கு 1 ரூபாய் 20 காசு. ஜெயித்தால் நூற்றுக்கு ஐந்து கமிஷன். என்னுடைய எட்டுப் பவுனை வங்கியில் வைக்கக் கேட்கிறார். அந்த ரேட்டில் உண்மை இருக்கிறதா? நகையைக் கொடுக்கலாமா? நோட்டில் அவர் கையெழுத்துப் போடலாமா?

நிதி ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையைக் கொடுக்காதீர்கள். புது நோட்டில் கையெழுத்து வேண்டாம். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் படியுங்கள். முடிந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள். ரேட்டைப் பற்றி அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவரே எப்போதோ விட்டிருப்பார். பாதி உண்மைதான் ஆளைப் பிடித்து வைக்கும்.

அந்தப் பாவு நோட்டையே எடுத்துக்கொள்வோம். 60 காசு என்றால், ஆயிரம் ரூபாய் கட்டி ஜெயித்தால் போட்ட ஆயிரத்தோடு அறுநூறு லாபம், அதாவது கையில் 1,600. இந்தப் பந்தயம் கட்டியவருக்கு நட்டமில்லாமல் இருக்கவேண்டுமானால் நூறு தடவையில் 62 அல்லது 63 தடவை அந்தக் கட்சி ஜெயிக்கவேண்டும். எதிர்க்கட்சிக்கு 1 ரூபாய் 20 காசு. ஆயிரம் கட்டினால் கையில் 2,200. அதற்கு நூற்றுக்கு 45 தடவை. இப்போது இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள். 62.5, அதோடு 45.5. மொத்தம் 108. இரண்டே பேர் மோதும் போட்டியில் வாய்ப்பு நூறைத் தாண்டி எப்படிப் போகும்? மேலே நிற்கும் அந்த எட்டுதான் புக்கியின், அதாவது பந்தயம் நடத்துகிறவரின் கூலி. யார் ஜெயித்தாலும், யார் தோற்றாலும், அவர் கல்லாவில் விழுவது அதுதான்.

கூலியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ‘60 காசு’ கட்சிக்கு அந்த ரேட்டே கொடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 58. உங்கள் கணவர் அதை ‘நிச்சய வெற்றி’ என்று வாசிக்கிறார். அந்த நோட்டிலேயே நூற்றுக்கு 42 தோல்வி எழுதியிருக்கிறது. அது கண்ணில் படவில்லை. ஜெயித்தால் நூற்றுக்கு ஐந்து கமிஷன் வேறு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 600 லாபம் 570 ஆகிறது. ரேட்டு சொல்லும் 58 உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு லட்சத்துக்கும் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய் கையை விட்டுப் போகும். ரேட்டு பொய் சொன்னால் வரும் நட்டம் தனி. இது ரேட்டு உண்மை சொன்னாலே வரும் நட்டம். அந்த ரேட்டைப் பார்த்துக் கட்டி மிஞ்சவேண்டுமானால், ரேட்டுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ரேட்டை நம்பியே கட்டுகிறவருக்கு அது எங்கிருந்து வரும்?

இனி 2024-க்கு வருவோம். அவர் தோற்ற பந்தயம் எனக்குச் சுவாரசியமானது. மன்னிக்கவும், இழந்தவர்களுக்கு இது சுவாரசியமாக இருக்காது. நகரி தொகுதியில் 2014-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் ரோஜா வென்றது 858 ஓட்டில். 2019-ல் மறுபடி வென்றது 2,708 ஓட்டில். இரண்டு தேர்தல் அடுத்தடுத்து முடி இழையில் முடிந்ததால், இது எப்போதுமே ஐயாயிரத்துக்குள் முடியும் ஊர் என்று உங்கள் கணவர் மட்டுமல்ல, கடைத்தெருவில் பாதிப் பேர் நினைத்தார்கள். 2024-ல் தெலுங்கு தேசத்தின் காலி பானுபிரகாஷ் 45,000 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

ஏன் இப்படி ஆனது? கடும்போட்டித் தொகுதி என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருக்கிறது என்றுதான் பொருள். காற்று ஒரு பக்கம் அடித்தால் முதலில் சாய்வதும், முழுதாகச் சாய்வதும் அந்த மாதிரித் தொகுதிதான். பழைய சித்தூர் மாவட்டத்தையே பாருங்கள். மொத்தம் 14 தொகுதி. 2019-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 13-ஐ அள்ளியது; குப்பம் ஒன்றுதான் தப்பியது. 2024-ல் அதே கட்சிக்கு அதே மாவட்டத்தில் மிஞ்சியவை புங்கனூரும் தம்பள்ளப்பள்ளியும் மட்டும். மாநில அளவில் 175-ல் 151 இடம் வைத்திருந்த கட்சி 11-க்கு இறங்கியது. தெலுங்கு தேசம், ஜனசேனா, பா.ஜ.க. கூட்டணி 164. ஓட்டுக் கணக்கில் பார்த்தால் தோற்ற கட்சி 50 சதவீதத்திலிருந்து 39 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. நூற்றுக்குப் பத்துப் பதினோரு பேர் மனம் மாறியதும், எதிரே இருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்ததும், 140 இடங்களைப் பெயர்த்துவிட்டன. நம் தேர்தல் முறையின் குணம் அது.

பந்தயக்காரர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். “நான் ஒரே இடத்தில் கட்டவில்லை. நகரி, சத்தியவேடு, கங்காதர நெல்லூர் என்று பிரித்துத்தான் கட்டினேன்” என்று தைரியம் சொல்வார்கள். மூன்று தொகுதி என்பது மூன்று தனித்தனிப் பந்தயம் என்று நினைப்பு. காற்று அடிக்கும் வருடத்தில் மூன்றும் ஒன்றாகவே விழும். 14-ல் 13, பிறகு 14-ல் 2 என்பதற்கு வேறு என்ன விளக்கம் இருக்கிறது? பிரித்துக் கட்டியதால் ஆபத்து பிரியவில்லை. கமிஷன்தான் மூன்று இடத்தில் போனது.

இன்னொன்றையும் அவருக்கு நினைவுபடுத்துங்கள். ஆந்திராவில் அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவு மே 13. எண்ணியது ஜூன் 4. நடுவில் மூன்று வாரம். நாடு முழுவதும் கடைசிக் கட்டம் முடியும் ஜூன் 1 மாலைவரை வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்பு எதையும் வெளியிடக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு அதைத் தடுக்கிறது, மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறை. ஓட்டு இயந்திரத்தில் பூட்டிக் கிடக்கிறது. புதிதாக ஒரு சேதியும் கிடையாது. ஆனால் அந்த நாட்களில்தான் ரேட்டு தினமும் ஏறி இறங்கியது, இல்லையா? எதை வைத்து ஏறியது? டீக்கடைப் பேச்சு, ‘உள்ளே இருந்து வந்த ரிப்போர்ட்’ என்று கைபேசியில் சுற்றிய தாள், எந்தத் தலைவர் முகம் வாடியிருந்தது என்ற ஜோசியம். நேற்று யார் எவ்வளவு கட்டினார் என்பதைத்தான் ரேட்டு மறுநாள் காட்டியது. அதைப் பார்த்து இன்னொருவர் கட்டினார். கடைசியில் ரேட்டு தன்னைப் பார்த்தே தான் நகர்ந்தது.

கட்டுகிறவர்கள் யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் தெருவில் பந்தயம் கட்டிய பெண் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? ஆந்திர வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். நீங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருப்பீர்கள். உங்கள் நாத்தனார் போட்டிருப்பார். தார் சுற்றும் பாட்டி போட்டிருப்பார். உங்களில் ஒருவர் மனமும் அந்த 60 காசுக்குள் இல்லை. கையில் ரொக்கம் புரளும், மாலையில் நாற்சந்தியில் நிற்க நேரம் இருக்கும் சில நூறு ஆண்களின் எண்ணம்தான் அதில் இருக்கிறது. கருத்துக்கணிப்புகளிலும் கோளாறு உண்டு. ஆனால் ஒழுங்காக எடுக்கும் கணிப்பு உங்களிடமும் வந்து கேட்க முயற்சியாவது செய்யும்.

“வெளிநாட்டில் சந்தை ரேட்டுதான் சரியாகச் சொல்கிறது” என்று அவர் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் மறுக்காதீர்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1988-லிருந்து ஆராய்ச்சிக்காகத் தேர்தல் சந்தை ஒன்றை நடத்திவருகிறது. ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாது. வாங்கல் விற்றல் விலை எல்லோருக்கும் தெரியும். பல தேர்தல்களில் கருத்துக்கணிப்புகளைவிட அது நெருங்கி வந்திருக்கிறது. 2024 அதிபர் தேர்தலில் கணிப்புகள் சமபலம் என்றபோது பந்தயச் சந்தைகள் டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தன, அதுவே நடந்தது. சரி. ஆனால் 2022-ல் அதே நாட்டின் செனட் சபை குடியரசுக் கட்சிக்குப் போகும் என்றுதான் சந்தைகள் சொல்லின. ஜனநாயகக் கட்சி தக்கவைத்துக்கொண்டது. 2015-ல் பிரிட்டனில் தொங்கு நாடாளுமன்றம்தான் என்று புக்கிகளின் ரேட்டு அடித்துச் சொன்னது. கன்சர்வேட்டிவ் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. நம் நாட்டில் பெயர் பெற்ற ராஜஸ்தானின் பலோடி சந்தை 2024 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. 300-ஐ ஒட்டி வரும் என்றதாகச் செய்திகள் வந்தன, வந்தது 240.

ஒரே நாற்காலிக்கு இருவர் மோதும் தேர்தலைவிட, நூற்றுக்கணக்கான தொகுதிகளைக் கூட்டிப் பெரும்பான்மை பார்க்கும் சபைத் தேர்தல் சிக்கலானது. சந்தைகள் அங்கே தடுமாறுவதில் வியப்பில்லை. சட்டமன்றத் தேர்தல் அந்த இனம்.

அங்கே இருக்கும் ஒரு வசதிகூட உங்கள் ஊர் ரேட்டுக்கு இல்லை. அயோவாவில் உச்சவரம்பு இருக்கிறது. இங்கே பணக்காரர் ஒருவர் ஐந்து லட்சத்தை ஒரே இரவில் இறக்கினால் 60 காசு 45 காசாகிவிடும். தன் கட்சி ஜெயிக்கிறது என்று ஊர் பேசவேண்டும் என்பதற்காகவே பணம் இறக்குகிறவர்கள் உண்டு. பத்துத் தட்டி வைப்பதைவிட மலிவான விளம்பரம் அது. உச்சவரம்பில்லாத பெரிய சந்தையிலேயே இது நடந்திருக்கிறது: 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில், இன்ட்ரேட் என்ற சந்தையில் ரோம்னிக்கு ஆதரவாக ஒரே ஒருவர் இறக்கிய பணத்தில் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் கரைந்ததை ஆய்வாளர்கள் பின்னர் கண்டுபிடித்தார்கள். பணம் போட்டவன் பொய் சொல்ல மாட்டான் என்கிறார் உங்கள் கணவர். பொய் சொல்வதற்காகவே பணம் போடுகிறவனும் இருக்கிறான்.

‘விட்டதைப் பிடிப்பது’ என்ற கணக்குக்கு வருவோம். விட்டது மூன்று லட்சம். 60 காசு ரேட்டில் மூன்று லட்சம் லாபம் பார்க்க ஐந்து லட்சம் கட்டவேண்டும். கமிஷன் போனால் அதிலும் 2,85,000-தான் கைக்கு வரும். நூற்றுக்கு 42 வாய்ப்பில் அந்த ஐந்து லட்சமும் போகும். அப்போது மொத்த நட்டம் எட்டு லட்சம். அதில் உங்கள் எட்டுப் பவுனும் இருக்கும். நகைக்கடன் வட்டி ஓட்டு எண்ணும் நாளுக்காகக் காத்திருக்காது. ஆறு தறிக் கூலியில் இதை அடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் நோட்டில் ரேட்டுக்குப் பக்கத்தில் இந்த ஒரு கணக்கை உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள். சண்டை போடுவதைவிட அது வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

தாய்வீட்டில் போட்ட நகை சட்டப்படி உங்களுடைய தனிச்சொத்து. உங்கள் சம்மதம் இல்லாமல் அதை அடகு வைக்க அவருக்கு உரிமை இல்லை. வங்கியில் “நகை என்னுடையதுதான்” என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அவர் அங்கே போட்டால் அது பொய் உறுதிமொழி. வீட்டில் வைத்துக் காப்பது சங்கடம் என்றால் உங்கள் பெயரிலேயே லாக்கர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த நோட்டு. இதில்தான் நீங்கள் அவசரப்படக் கூடாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. அந்த இடைத்தரகருக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் பந்தயக் கடனை நோட்டாக மாற்றி வைத்திருக்கிறார். அச்சடித்த அந்தத் தாளில் பந்தயம் என்ற சொல்லே இருக்காது. ‘குடும்பச் செலவுக்காகக் கைமாற்றாகப் பெற்றுக்கொண்டேன்’ என்றுதான் இருக்கும். கையெழுத்து இருந்தால், பணம் கைமாறியிருக்கிறது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும்; மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 118-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ‘இல்லை, இது பந்தயக் கடன்’ என்று காட்டவேண்டிய பொறுப்பு உங்கள் கணவர் தலையில் விழும். இப்போதாவது 2024 ஜூன் மாதத்து உரையாடல்கள் கைபேசியில் இருக்கும், சாட்சிகள் இருப்பார்கள். புது நோட்டு எழுதிவிட்டால் தேதியும் புதிது, தொகையும் புதிது. பழைய கதையோடு அதைக் கட்டிக் காட்டுவது இன்னும் கடினமாகிவிடும். அவருக்கு வேண்டியதும் அதுதான். வெற்றுக் காசோலை கேட்டாலும் இதே பதில்.

அதனால் அந்தச் செய்திகள் எதையும் அழிக்கவேண்டாம். படம் எடுத்து வேறொரு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காவல் நிலையத்துக்கு நேரே ஓடவும் வேண்டாம். ஆந்திரப் பிரதேசச் சூதாட்டச் சட்டம், 1974-ன்படி பந்தயம் கட்டுவதும் தண்டனைக்குரியது. கட்டியவர் என்ற முறையில் உங்கள் கணவரும் அதற்குள் வருகிறார். எல்லை தாண்டித் திருத்தணியில் கட்டினாலும் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. கைபேசிச் செயலி வழியாக என்றால், இணையவழிப் பணவிளையாட்டைத் தடை செய்து 2025-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் நடத்துகிறவர்களுக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு கோடிவரை அபராதமும் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட செயலி நாளை மூடினால் உள்ளே இருக்கும் பணத்தைக் கேட்க ஆள் இருக்காது. ஆகவே முதலில் ஒரு வழக்கறிஞர். செலவைப் பற்றிக் கவலைப்படவேண்டாம்: சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆலோசனையும் வழக்கறிஞரும் இலவசம். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். அந்த இடைத்தரகர் வீட்டுக்கு ஆள் அனுப்பி மிரட்டினால் அது வேறு குற்றம்; அப்போது தயங்காமல் புகார் கொடுங்கள், அதையும் வழக்கறிஞர் மூலமே செய்யுங்கள்.

உங்கள் கணவருக்குத் தூக்கம் இல்லை, தறிக்குச் சரியாகப் போவதில்லை என்று கடித ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

வழக்கறிஞரைப் பார்க்கும் முன் பழைய நோட்டின் நகலை எப்படியாவது வாங்கிப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் போதாது. நோட்டின் ஆயுள் மூன்று ஆண்டு. ஆனால் இடையில் கொடுத்த பணத்தை ‘வரவு’ என்று பின்பக்கத்தில் எழுதி உங்கள் கணவர் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து மறுபடியும் மூன்று ஆண்டு எண்ணத் தொடங்கும். நோட்டு எழுதிய பிறகு ஏதாவது கொடுத்திருந்தால் அதை அங்கே எழுதியிருக்கிறாரா, எந்தத் தேதி போட்டிருக்கிறார் என்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.